ரேங்க் இல்லாத ஊரில் பிள்ளையின் படிப்பைக் கவனிப்பது எப்படி? சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு

தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து, பிள்ளைக்குப் பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டதா? நல்லது. அடுத்த தலைவலி சில வாரங்களில் தொடங்கும். மாதத் தேர்வு கிடையாது, ரேங்க் கார்டு கிடையாது. "நன்றாகப் படிக்கிறாளா?" என்று கேட்டால், "நல்ல முயற்சி எடுக்கிறாள்" என்று ஆசிரியர் சொல்வார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நமக்குப் புரியாது. என் மகள் தொடக்கநிலை 3இல் சேர்ந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் மாதக்கணக்கில் இப்படித்தான் திண்டாடினோம். இப்போது அவள் உயர்நிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். தம்பி தொடக்கநிலை 4. இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே மதிப்பெண் அபூர்வமாகத்தான் வீட்டுக்கு வரும். பெரிய மதிப்பெண் வரும்போது அந்த ஆண்டே முடிந்திருக்கும். பிள்ளை எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதெல்லாம் அதற்கு முன்பே பையில் காகிதமாக வந்துகொண்டிருக்கும். அந்தக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இது கல்வி அமைச்சின் கீழ் உள்ள தொடக்கப்பள்ளிகளுக்கு மட்டும் பொருந்தும். அனைத்துலகப் பள்ளிகளின் முறை வேறு.

1. மதிப்பெண் எப்போது வரும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வே கிடையாது. ரிப்போர்ட் புக்கில் ஒவ்வொரு திறனுக்கும் பக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு சொல் இருக்கும், அவ்வளவுதான். தொடக்கநிலை 3இலிருந்து, ஆண்டின் முதல் 3 தவணைகளில் பாடத்துக்கு ஒரு சிறு மதிப்பீடு வரை வரலாம். இங்கே எல்லோரும் அதை 'டபிள்யூஏ' என்பார்கள். கடைசித் தவணையில் ஆண்டிறுதித் தேர்வு. அரையாண்டுத் தேர்வு 2023 முதல் எந்த வகுப்புக்கும் இல்லை. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதும், வகுப்புச் சராசரியும் 2019 முதலே ரிப்போர்ட் புக்கில் வருவதில்லை.

ஒவ்வொரு டபிள்யூஏவுக்கும் ஆண்டு மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி அனுப்பும் மதிப்பீட்டு அட்டவணையில் அது இருக்கும். அதை ஒரு பிரிண்ட் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு தாளைப் பார்க்காததால்தான் 10 சதவீதச் சிறு மதிப்பீட்டுக்கு வீடே முழு ஆண்டுத் தேர்வுக்கு நடுங்குவதுபோல் நடுங்குகிறது.

கவனம்: வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது, "உங்கள் பிள்ளை எவ்வளவு? சும்மா தெரிந்துகொள்ளத்தான்" என்று ஆரம்பிப்பார்கள். பத்துப் பேர் பதில் போட்டால் பள்ளி எடுத்துவிட்ட ரேங்க் பட்டியல் அங்கே திரும்பி வந்துவிடும். குழுவில் இருங்கள், வீட்டுப்பாடம் என்ன என்று கேட்க அது உதவும். எண்ணை மட்டும் போடாதீர்கள்.

2. ஊரிலிருந்து வரும்போதே எடுத்துவர வேண்டியவை

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை இவற்றை எப்படியும் எடுத்து வருவீர்கள். அவற்றோடு, பிள்ளை கடைசி ஆண்டு எழுதிய கணக்கு நோட்டு ஒன்று, ஆங்கில நோட்டு ஒன்று, தமிழ்க் கட்டுரை நோட்டு ஒன்று, மூன்றையும் பெட்டியில் வையுங்கள். 98 சதவீதம் என்று அச்சடித்த தாளை இங்குள்ள ஆசிரியர் ஒன்றும் செய்ய முடியாது. அந்த 98 எந்தப் பாடத்திட்டத்தில், எந்த மாதிரிக் கேள்விக்கு என்று அவருக்குத் தெரியாது. நோட்டைப் புரட்டினால், பெருக்கல் எப்படிப் போடுகிறது, வாக்கியம் எப்படி அமைக்கிறது என்று 5 நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

வெளிநாட்டு மாணவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி வருவார்கள். இங்கே அதை ஏஇஐஎஸ் என்றே சொல்வோம். தொடக்கநிலையில் அது 2 முதல் 5 வரைதான், 6ஆம் வகுப்புக்கு நேரடியாக நுழைய முடியாது. தேர்வு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும், சேர்க்கை அடுத்த ஜனவரியில். இடம் காலியாக இருந்தால்தான் கிடைக்கும். ஊரில் படித்ததைவிட ஒரு வகுப்பு கீழே இடம் வந்தால் பதறாதீர்கள். ஆங்கிலத்திலேயே எல்லாப் பாடமும் படிக்கப் பழகப் பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் தேவைப்படும்.

வந்ததும் முதல் வேலை சிங்பாஸ், அதாவது அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம். வேலை அனுமதியிலோ சார்ந்திருப்போர் அனுமதியிலோ இருப்பவர்களும் எடுக்கலாம். பள்ளி அறிவிப்பு, அனுமதிப் படிவம் எல்லாம் பேரண்ட்ஸ் கேட்வே என்ற செயலியில் வருகின்றன, அதற்குள் நுழைய சிங்பாஸ் வேண்டும். அப்பாவின் கைப்பேசியில் மட்டும் போட்டுவிட்டு அம்மா தெரியாமல் இருப்பது பல வீடுகளில் நடக்கிறது. இருவரும் போடுங்கள்.

3. கோப்பைத் திறங்கள், திருத்தத்தைப் படியுங்கள்

மொத்தக் கட்டுரையில் இந்தப் பகுதிக்கு மட்டும் நேரம் இருந்தாலும் போதும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளையிடம் ஒரு ஃபைல் இருக்கும். பயிற்சித்தாள்களை ஆசிரியர் திருத்திக் கொடுப்பார், பிள்ளை தப்பானதைத் திரும்பச் செய்யும். என் மகளின் பள்ளியில் அதைப் பச்சைப் பேனாவில்தான் செய்ய வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை பெற்றோர் கையெழுத்துக்கு ஃபைல் வரும். நம்மில் பலர் மேலே வட்டமிட்ட எண்ணைப் பார்ப்போம், கையெழுத்துப் போடுவோம், மூடிவிடுவோம். பார்க்க வேண்டியது அந்தப் பச்சைப் பேனாவைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. கணக்கு இது: அலியிடம் ரவியைப்போல் 3 மடங்கு ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. அலி 24 ஸ்டிக்கர்களை ரவிக்குக் கொடுத்ததும் இருவரிடமும் சமமாகிவிட்டது. மொத்தம் எத்தனை? என் மகள் அலிக்கு மூன்று கட்டம், ரவிக்கு ஒரு கட்டம் வரைந்திருந்தாள். வித்தியாசம் இரண்டு கட்டம் என்றும் எழுதியிருந்தாள். அதுவரை சரி. அப்புறம் இரண்டு கட்டம் 24 என்று போட்டு, ஒரு கட்டம் 12, மொத்தம் 48 என்று முடித்திருந்தாள். உண்மையில் வித்தியாசத்தில் பாதியைக் கொடுத்தால்தான் சமமாகும், ஆகவே ஒரு கட்டமே 24, மொத்தம் 96.

விடை தப்பு. ஆனால் அந்தத் தாளில் அவள் எந்த அடிவரை சரியாக நடந்தாள், எந்த இடத்தில் வழி மாறினாள் என்பது தெளிவாகத் தெரிகிறது. அன்று வீட்டில் செய்ய வேண்டியது அந்த ஓர் அடியை மட்டும் பேசுவது. இரண்டு கிண்ணத்தில் கொண்டைக்கடலையைப் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தாள், விளங்கிவிட்டது. பக்கத்து மேசைப் பையன் வழி எதுவும் காட்டாமல் வெறும் 96 என்று எழுதியிருந்தானாம். அவன் எப்படி அதைப் பிடித்தான் என்று அவன் அம்மாவால் கண்டுபிடிக்க முடியாது, அவனுக்கே அடுத்த முறை நினைவிருக்குமா தெரியாது. தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலும் (பிஎஸ்எல்இ) பெரிய கணக்குகளுக்கு வழிமுறையைக் காட்டச் சொல்கிறார்கள், வழிக்கும் மதிப்பெண் உண்டு.

ஃபைலை எடுத்து உட்காரும்போது நான் பார்ப்பவை:

- தப்பு எந்த அடியில் வந்தது? கேள்வி புரியவில்லையா, முறை தெரியவில்லையா, கூட்டலில் சறுக்கலா?
- திருத்தம் பிள்ளை தானே செய்ததா, கரும்பலகையிலிருந்து எடுத்து எழுதியதா? "இதை எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டால் தெரிந்துவிடும்.
- ஒரு வாரம் கழித்து அதே கணக்கை, எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்தால் வருகிறதா?

இங்கே எல்லாத் தப்புக்கும் 'கேர்லெஸ்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளையும் சொல்லும், டியூஷன் ஆசிரியரும் சொல்வார். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கணக்கில் போகும் மதிப்பெண்ணில் கணிசமான பகுதி ஆங்கிலத்தில் போகிறது. 'மீதியில் பாதி', 'முதலில் இருந்ததைவிட' மாதிரியான தொடர்கள் ஆங்கிலத்தில் வந்தால் வேகமாகப் படித்துக் கடந்துவிடுகிறார்கள். அதற்கு இன்னொரு கணக்குப் புத்தகம் வாங்கிப் பயனில்லை, கேள்வியை வாய்விட்டுப் படிக்க வைத்தாலே பாதி சரியாகும்.

கவனம்: நமக்குக் கை பரபரக்கும், "x என்க" என்று ஆரம்பித்துவிடுவோம். இங்கே இயற்கணிதம் தொடக்கநிலை 6இல்தான் எட்டிப் பார்க்கிறது. அதுவரை கட்டம் வரையும் முறைதான். நடுவில் நாம் x போட்டால் பிள்ளைக்கு இரண்டும் அரைகுறையாகும். பள்ளிப் பாடநூலை எடுத்து ஒரு மாலை உட்கார்ந்து அந்தக் கட்ட முறையை நாமே கற்றுக்கொள்வது நல்லது. கஷ்டமில்லை. சொல்லப்போனால் சுவாரஸ்யமாகவே இருக்கும்.

4. தமிழ் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள்

"நாம்தான் வீட்டில் தமிழ் பேசுகிறோமே" என்ற தைரியம் எல்லோருக்கும் இருக்கும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ்ப் பாடத்துக்கு மொத்தம் 200 மதிப்பெண். அதில் வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாயும் காதும். வாய்மொழியில் ஒரு பகுதி வாசிப்பு, இன்னொன்று ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாடுவது. அங்கே மனப்பாடம் செய்த கட்டுரை உதவாது. "இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? ஏன்?" என்று ஆசிரியர் கேட்பார்.

பயிற்சிக்குச் செலவே இல்லை. புளோக்குக் கீழே யாரோ கழித்துப் போட்ட சோபா கிடக்கிறது, உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைக்காமல் ஒருவர் போகிறார், தேக்கா சந்தையில் பையை மறுத்துத் துணிப்பையை நீட்டுகிறார் ஒரு பாட்டி. நடந்துகொண்டே கேளுங்கள், "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" பதில் ஒரே வரியில் வந்தால், "ஏன்?" என்று இன்னொரு முறை. அவ்வளவுதான். தப்பான பதிலே இல்லாத பயிற்சி இது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

உங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் வேறொரு பள்ளியில் உள்ள நிலையத்துக்கு அனுப்புவார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே இருக்கும், போக்குவரத்தை முன்கூட்டியே யோசியுங்கள். உயர்நிலைக்குப் போனபின் பியேட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் பல பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளி மாதிரி ஆகிவிடும்.

5. பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு: 10 நிமிடத்தில் என்ன கேட்பது

பெரும்பாலும் மே மாதக் கடைசியில், ஜூன் விடுமுறைக்கு முன்னால் நடக்கும். நேரத்தை முன்பதிவு செய்யச் சொல்லி அறிவிப்பு வரும், சாயங்கால நேரங்கள் சட்டென்று தீர்ந்துவிடும். 10, 15 நிமிடம்தான் கிடைக்கும்.

ஃபைலில் புரியாத இரண்டு தாள்களைக் கையோடு கொண்டுபோங்கள். பேச்சு பொதுவாக இல்லாமல் அந்தத் தாளிலிருந்தே ஆரம்பிக்கும். நான் கேட்பவை இவை: "டீச்சர், கஷ்டமான கேள்வி வந்தால் இவள் என்ன செய்கிறாள், விட்டுவிடுகிறாளா, உங்களிடம் கேட்கிறாளா?" "குழு வேலையில் பேசுகிறாளா?" "ஜூன் விடுமுறையில் ஒரே ஒரு விஷயத்தை வீட்டில் செய்யலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான் எங்களுக்கு அதிகம் உதவின. ஒருமுறை தம்பியின் ஆசிரியை, "பயிற்சிப் புத்தகம் வேண்டாம், தினமும் 15 நிமிடம் சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்" என்றார். அதற்குப் பைசா செலவில்லை, பக்கத்தில் உட்காருவதுதான் கஷ்டமாக இருந்தது.

"வகுப்பில் எத்தனையாவது?" என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டார்கள், உங்கள் 10 நிமிடத்தில் இரண்டு போய்விடும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதன் காது எங்கே இருக்கும் என்றும் யோசியுங்கள்.

தொடக்கநிலை 4 முடிவில் இன்னொரு தாள் வரும். அடுத்த ஆண்டு எந்தப் பாடத்தை வழக்கமான நிலையில் எடுப்பது, எதை அடிப்படை நிலையில் எடுப்பது என்று பள்ளி பரிந்துரைக்கும். நீங்கள் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். மானப் பிரச்சினையாக்கி அங்கேயே மறுத்துவிடாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போடாதீர்கள். அடிப்படை நிலையில் எடுத்தால் அந்தப் பாடத்தில் கிடைக்கக்கூடிய அதிகபட்ச நிலை, இறுதித் தேர்வின் 1 முதல் 8 வரையான ஏஎல் நிலைகளில் 6க்குச் சமம் (1தான் மிகச் சிறந்தது, விளக்கம் 8ஆம் பகுதியில்). அதைத் தெரிந்துகொண்டு ஆசிரியரிடம் பேசி முடிவெடுங்கள்.

6. செலவு: டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் கட்டணம் இல்லை, பல்வகைக் கட்டணம் என்று மாதம் 13 வெள்ளி வரை. நிரந்தரவாசிகளுக்கும் வெளிநாட்டவருக்கும் மாதக் கட்டணம் உண்டு, இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம், ஆண்டுதோறும் ஏறும். சேரும் ஆண்டின் தொகையை அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஜைரோ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து கழியும்.

பெரிய செலவு இதெல்லாம் இல்லை, டியூஷன்தான். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பவர்கள் மணிக்கு 30 வெள்ளியிலிருந்து ஆரம்பித்து, முன்னாள் பள்ளி ஆசிரியர் என்றால் 70, 80 என்றுகூடக் கேட்கிறார்கள். நிலையங்கள் மாதக் கட்டணம் தவிர பதிவுக் கட்டணம், பயிற்சித்தாள் கட்டணம், முன்பணம் என்று தனித்தனியாக வாங்கும். நாங்கள் போன ஒரு நிலையத்தில் தொடக்கநிலை 3 பிள்ளைக்கு ஒரு தாள் கொடுத்து எழுதவைத்தார்கள். திருத்திக்கொண்டு வந்து, "இப்படியே போனால் பிஎஸ்எல்இயில் கஷ்டம்" என்று அவள் முன்னாலேயே சொன்னார்கள். அந்தத் தாளை வீட்டுக்குக் கேட்டோம், தர மாட்டார்களாம். எதில் தவறினாள் என்று காட்டாமல் பயத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பும் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

கட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். பள்ளி ஃபைலைப் பார்த்து அதிலுள்ள தப்புகளிலிருந்து சொல்லிக்கொடுப்பீர்களா? விலகினால் முன்பணம் திரும்ப வருமா, எத்தனை வார அறிவிப்பு வேண்டும்? மாதம் ஒருமுறை என்ன முன்னேற்றம் என்று பேச முடியுமா? முதலாவதற்கு "எங்களிடம் தனிப் பாடத்திட்டம் இருக்கிறது" என்று பதில் வந்தால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

குடியுரிமை, நிரந்தரவாசம் உள்ளவர்கள் முதலில் சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தைப் பாருங்கள். அதன் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளுக்கு நிலையங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய கட்டணம்தான், பல வட்டாரங்களில் நடக்கின்றன. பாப்புலர் புத்தகக் கடையில் அசெஸ்மெண்ட் என்னும் பயிற்சிப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவதும் ஒரு நோய். ஒன்று வாங்குங்கள், அது முடிந்தால் அடுத்தது. எங்கள் வீட்டு அலமாரியில் முதல் பத்துப் பக்கம் மட்டும் எழுதிய புத்தகங்களை உறவினர் பிள்ளைகளுக்குக் கொடுத்தே தீர்த்தோம்.

7. முயற்சியைக் கணக்கில் எடுக்கும் விருதும் சேர்க்கையும்

குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு எடுசேவ் என்ற அரசாங்க விருதுகள் உண்டு. முதல் மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டைவிடப் பெரிய முன்னேற்றம் காட்டியவர்களுக்கு ஒன்று, நற்பண்புக்கு ஒன்று, தலைமைத்துவத்துக்கும் சேவைக்கும் ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. தொடக்கநிலை 1, 2இல் தேர்வே இல்லாததால் உதவித்தொகைக்கும் கற்கும் பழக்கத்தைத்தான் பார்க்கிறார்கள், குடும்ப வருமான வரம்பும் உண்டு. பெரும்பாலும் பள்ளியே பெயரைத் தெரிவு செய்யும். கடிதம் வந்தால் கெடு தேதியை மட்டும் பாருங்கள்.

அடுத்தது டிஎஸ்ஏ என்னும் நேரடிப் பள்ளிச் சேர்க்கை. தொடக்கநிலை 6இல், இறுதித் தேர்வுக்கு முன்பே, விளையாட்டு, இசை, நடனம், மொழி, அறிவியல் போன்ற ஏதாவது ஒரு திறனை வைத்து உயர்நிலைப்பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். மே மாதத் தொடக்கத்தில் திறந்து ஜூன் தொடக்கத்தில் மூடிவிடும். 3 பள்ளிகள் வரை தேர்ந்தெடுக்கலாம், விண்ணப்பக் கட்டணம் கிடையாது. தொடக்கநிலை 5, 6 பள்ளி முடிவுகளும், பாடத்துக்கு வெளியே பள்ளியில் செய்யும் இணைப்பாட நடவடிக்கைகளின் பதிவும் பள்ளிகளுக்குத் தானாகவே போய்விடும். அதற்குமேல் பள்ளி கூப்பிட்டால் நேர்காணலோ திறன் சோதனையோ இருக்கும்.

இதற்காகப் பளபளப்பான ஆல்பம் தயாரித்துக் கொடுக்க ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. என் மகள் மிருதங்கத்துக்காகப் போன நேர்காணலில் வென்ற கோப்பையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. எவ்வளவு நேரம் சாதகம் செய்வாய், வராத ஒரு கோர்வையை எப்படிப் பிடித்தாய், குழுவில் தாளம் தப்பினால் என்ன செய்வாய் என்றுதான் கேட்டார்களாம். இரண்டு மூன்று ஆண்டுகள் உண்மையாக உட்கார்ந்து வாசித்த பிள்ளைக்கு இதற்குப் பதில் தானாக வரும். மே மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னால் சேர்த்துவிட்ட பிள்ளைக்கு எந்த ஆலோசகரும் அதை எழுதித் தர முடியாது.

கவனம்: இடத்தை உறுதி செய்துவிட்டால் பின்வாங்க முடியாது. தேர்வில் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தாலும் வேறு பள்ளியைக் கேட்க முடியாது. அந்த இணைப்பாட நடவடிக்கையிலும் தொடர வேண்டும். பள்ளிக்குப் போகும் பேருந்து நேரத்தை ஒருமுறை காலை 6 மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

8. ஏஎல் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள், தனிப் பதிவும் வைத்துக்கொள்ளுங்கள்

2021 முதல் இறுதித் தேர்வில் நான்கு பாடங்களுக்கும் தனித்தனியாக 1 முதல் 8 வரை ஏஎல் நிலை. 90 முதல் 1, 85 முதல் 2, 80 முதல் 3, 75 முதல் 4, 65 முதல் 5, 45 முதல் 6, 20 முதல் 7, அதற்குக் கீழே 8. நான்கையும் கூட்டினால் மொத்தம், 4 மிகச் சிறந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாங்கியது என்பது உங்கள் பிள்ளையின் நிலையைத் தொடாது.

91 வாங்கும் பிள்ளையை 97க்கு விரட்டுவதில் இதன்படி ஒரு பயனும் இல்லை. அந்த நேரத்தில் பிள்ளை மிருதங்கம் வாசிக்கலாம், தூங்கலாம். இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் என்னை உறுத்துவது. 46 வாங்கினாலும் 64 வாங்கினாலும் ஏஎல் 6தான். தொடக்கநிலை 4இல் 46இல் இருந்த பிள்ளை ராத்திரி பகலாக ஏறி 63க்கு வந்திருக்கும். தாளில் ஒன்றுமே நடக்காததுபோல் அதே 6 நிற்கும். அந்த ஏற்றத்தை யாராவது பார்த்து எழுதிவைக்க வேண்டும், வேறு யார், நாம்தான்.

அதற்கு டைசோவில் இரண்டு வெள்ளிச் சொச்சத்துக்கு ஒரு ஃபைல் போதும். மாதம் ஒருமுறை, பாடத்துக்கு ஒரு தாள்: பிள்ளை திணறிய ஒரு தாள், பிறகு அதே வகையைச் சரியாகச் செய்த இன்னொரு தாள், தேதி போட்டு. எதை வைப்பது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் வீட்டில் ஞாயிறு இட்லிக்குப் பிறகு 20 நிமிடம். ஊரிலிருந்து தாத்தா வீடியோ அழைப்பில் "என்ன ரேங்க்?" என்று கேட்பார். "இங்கே ரேங்க் இல்லை தாத்தா" என்றால் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். இப்போது அவள் ஃபைலைப் பிரித்துக் காட்டி, "இது ஜனவரியில் வரவில்லை, இப்போது வருகிறது" என்கிறாள். முன்னாள் தலைமையாசிரியர் அவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கையே சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உயர்நிலைக்குப் போனபின்னும் கதவு மூடிவிடாது. 2024 முதல் பழைய பிரிவுகள் போய், பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று நிலைகள் வந்துவிட்டன, ஜி3தான் உயர்ந்தது. மொத்தத்தில் பின்தங்கிய பிள்ளையும் ஒரு பாடத்தில் ஏஎல் 5 அல்லது அதைவிட நன்றாக வாங்கியிருந்தால் அந்தப் பாடத்தை ஜி3இல் எடுக்கலாம். பின்னால் படிப்பைப் பொறுத்து மாறவும் வழி உண்டு.

9. ஆண்டு முழுவதும் எப்போது எதைச் செய்வது

ஜனவரி: மதிப்பீட்டு அட்டவணை, பேரண்ட்ஸ் கேட்வே, புது ஃபைல். மார்ச், ஒரு வார விடுமுறை: முதல் டபிள்யூஏவின் திருத்தங்கள். மே: ஆசிரியர் சந்திப்பு, தொடக்கநிலை 6 என்றால் டிஎஸ்ஏ விண்ணப்பம். ஜூன்: ஆசிரியர் சொன்ன அந்த ஒரே விஷயம், மற்றபடி விளையாட்டு. தொடக்கநிலை 6 பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் வாய்மொழி, செப்டம்பரில் கேட்டல், செப்டம்பர் கடைசியில் எழுத்துத் தேர்வு தொடங்கும், நவம்பர் கடைசி வாக்கில் முடிவு. மற்றவர்களுக்கு அக்டோபரில் ஆண்டிறுதித் தேர்வு.

நவம்பர் நடுவில் பள்ளி மூடும்போது ஓராண்டுத் தாள்கள் மொத்தமும் வீட்டுக்கு வரும். பழைய பேப்பர் வாங்கும் கரங்குனிக்காரர் ஹார்னை அடித்துக்கொண்டு வந்தாலும் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜனவரி வரை வைத்திருங்கள். புது வகுப்பாசிரியர் முதல் வாரத்தில் பிள்ளையைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னால் அப்போது தேவைப்படும்.